மாணவன் அல்லாத மகன்

கடற்கரை ஊரான கொழும்புத்துறையிலிருந்து எங்கள் ஊர் கொக்குவில்வரை பனையோலை மீன்கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வருவார் மக்டலீன். வெள்ளிக்கிழமையும் கோயில் திருவிழாக் காலமும் தவிர, மற்ற நாட்களில் காலை எட்டரைக்கெல்லாம் எங்கள் ஒழுங்கையில் அவருடைய குரல் கேட்கும். வேலிப் படலைக்கு வெளியே கடகத்தை இறக்குவார். அம்மா உள்ளே நின்றபடி சட்டியை நீட்டுவார். மக்டலீனுக்கு அப்போது நாற்பத்திமூன்று வயது, எனக்கு இருபத்திரண்டு. ஆனாலும், "மக்டலீன், இண்டைக்கு என்ன மீன்?" என்று பெயர் சொல்லித்தான் நான் கேட்பேன். அவர், "வாங்கோ பிள்ளை, பாருங்கோ" என்பார். இதில் ஒரு பிழை இருப்பதாக எனக்கு அந்தக் காலத்தில் தோன்றவேயில்லை. அவருக்கு என்ன தோன்றியது என்று நான் கேட்டதும் இல்லை.

அவருடைய புருசன் அருட்பிரகாசம் கடலில் வள்ளம் கவிழ்ந்து இறந்துபோனவர். மகன் சிமியோன் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தகப்பனின் கூட்டாளிகளோடு தொழிலுக்கு இறங்கினான். மகள் ஸ்ரெல்லா கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். "பெட்டையாவது படிக்கட்டும்" என்று மீன் வெட்டிக்கொண்டே மக்டலீன் அம்மாவுக்குச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

1984 ஆவணியில் ஒரு விடியற்காலை அரசாங்கத்தின் ஆமி ஊர்களைச் சுற்றிவளைத்தது. கொக்குவில் பக்கம் ரியூசனுக்குப் போன பொடியன்களை ரோட்டில் மறித்துப் பிடித்தார்கள். கொழும்புத்துறையில் வலையோடு கரைக்கு வந்தவர்களைப் பிடித்தார்கள். எல்லாரும் ஒரே முகாமுக்குத்தான் போனார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களைக் காங்கேசன்துறையில் கப்பலேற்றித் தெற்கே கொண்டுபோய்விட்டதாகக் கதை வந்தது. அந்தக் கூட்டத்தில் சிமியோனும் இருந்தான். அவனுக்கு வயது பத்தொன்பது.

எங்கள் ஊரில் அப்போது ஒரு மகளிர் வட்டம் இருந்தது. இளைப்பாறிய பள்ளிக்கூட உப அதிபர் மீனாம்பிகை ரீச்சர்தான் தலைவி. சனிக்கிழமைகளில் அவருடைய வீட்டு விறாந்தையில் கூடுவோம். சீதனக் கொடுமை, பெண்ணின் உழைப்பு, உலகத்தில் பெண்கள் நடத்திய போராட்டங்கள் பற்றியெல்லாம் ரீச்சர் அழகாகக் கதைப்பார். "பெண் எண்டது ஒரு தனிச் சாதி. அதுக்குள்ளை வேறை சாதி கிடையாது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம். நான் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் ரைப் அடிக்கிற வேலையில் இருந்தேன். அதனால் வட்டத்தின் கடிதங்கள் எல்லாம் என் கையால்தான் போகும்.

பிள்ளைகளைப் பிடித்த அடுத்த சனிக்கிழமை விறாந்தை நிறையப் பெண்கள். அழுகையும் பெருமூச்சும். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் இருக்கும் அரசாங்க அதிபருக்குக் கடிதம் எழுதுவது என்று முடிவாகிக்கொண்டிருந்தது. படலையடியில் கடகத்தோடு நின்ற மக்டலீன் அதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். கடகத்தை மாமரத்தடியில் வைத்துவிட்டுப் படியில் நின்றார்.

"கடிதம் எழுதினால் அதை மேசையிலை வைச்சிருப்பாங்கள் ரீச்சர். ஆக்கள் போய் நிக்கவேணும். கச்சேரி வாசல்லை ஆயிரம் பொம்பிளையள் போய் நிண்டால் அவங்களாலை கதவைப் பூட்டேலுமோ?"

"ஆயிரம் பேருக்கு எங்கை போறது மக்டலீன்?" என்று ரீச்சர் கேட்டார்.

"நான் கொண்டுவாறன்."

அவர் சொன்னபடியே கொண்டுவந்தார். அடுத்த ஐந்து நாளும் மீன் விற்கவில்லை. கொழும்புத்துறை, பாசையூர், குருநகர் என்று வீடு வீடாகப் போனார். தோட்டக்கூலிக் குடும்பங்களிடமும் போனார். இடையில் வட்டம் அவசரமாகக் கூடிய இரண்டு கூட்டங்களுக்கு வந்தார். நாங்கள் கதிரைகளில் இருந்தோம். அவர் விறாந்தைப் படியில் இருந்தார். எங்களுக்குக் கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி வந்தது, அவருக்கு ஒரு பழைய தகரப் பேணியில். குடித்து முடித்ததும் கிணற்றடியில் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். ஒருவரும் அவரைக் கழுவச் சொல்லவில்லை. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவுமில்லை. அன்றைய கூட்டம் பெண்களின் ஒற்றுமை பற்றியது.

ஊர்வலம் புறப்பட்ட அன்று கரையோரத்திலிருந்து மட்டும் அறுநூறு எழுநூறு பெண்கள் வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நூறுபேர்கூட இல்லை. பத்திரிகைக்காரர் வந்ததும் பதாகையோடு எங்கள் வட்டத்து வெள்ளைச் சேலைகள் முன்னுக்குப் போயின. குரல் கொடுத்தது பின்னாலிருந்த மக்டலீன்தான். கச்சேரி வாசலில் ஆமி துவக்கை நீட்டியபோது அசையாமல் நின்றதும் அந்தப் பெண்கள்தான். கடைசியில் ஐந்துபேரை உள்ளே வரச் சொன்னார்கள்.

மக்டலீன் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"நீர் வெளியிலை நிண்டு சனத்தைப் பாரும்" என்றார் ரீச்சர். "உள்ளை இங்கிலீசிலை கதைக்கவேணும்."

ரீச்சரும் வட்டத்தில் வேறு நால்வரும் உள்ளே போனார்கள். நான் மனுவின் பிரதியோடு வெளியே நின்றேன். வெயில் கொளுத்தியது. மக்டலீன் என்னிடம் வந்தார்.

"பிள்ளை, அதிலை என்ன எழுதியிருக்கு? ஒருக்கா வாசியுங்கோ."

அவர் கேட்டிருக்கக் கூடாது என்று அந்த நிமிசம் நினைத்தேன். வாசித்தேன். "எமது அப்பாவி மாணவச் செல்வங்களை உடன் விடுதலை செய்யுமாறு" என்று தொடங்கி முப்பத்தொரு பெயர்கள். பெயர், பள்ளி, வகுப்பு. முப்பத்தொன்றும் முடிந்தபிறகும் அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கடை பொடியள்?"

எனக்குப் பதில் தெரியும். மனுவை அடிக்கும்போதே ரீச்சரிடம் கேட்டிருந்தேன். "மாணவர் எண்டால் கொழும்பிலையும் வெளிநாட்டிலையும் காது குடுப்பினம் பாலேஸ்வரி. கடற்தொழில் எண்டு போட்டால், கடலாலை ஆயுதம் கடத்தினவை எண்டு சொல்லிப்போடுவாங்கள். அது எங்கடை பிள்ளையளையும் பாதிக்கும்" என்று அவர் விளங்கப்படுத்தினார். அது நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. அதைத்தான் இப்போது மக்டலீனுக்கும் சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டு.

அவர் கத்தவில்லை. பின்னால் இருந்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். வெயிலில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள்.

"எங்களைக் கூட்டினால் ஊர்வலம். எங்கடை பிள்ளையளைக் கூட்டினால் பாதகம். அப்பிடியே பிள்ளை?"

ரீச்சர் வெளியே வந்ததும் அவரையும் கேட்டார். ரீச்சருக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. "இது முதற்கட்டம் மக்டலீன். இரண்டாவது பட்டியல் ஒண்டு தனியாக அனுப்புவம். பேரைக் கொண்டுவந்து பாலேஸ்வரியிட்டைக் குடும்" என்றார்.

மறுநாளே என் கந்தோருக்கு வந்துவிட்டார். கையில் துண்டுக் கடதாசிகூட இல்லை, எல்லாம் மனதில். இருபத்தாறு பெயர்களை ஒன்றும் மாறாமல் சொன்னார். வயது, தாய், தகப்பன், பிடித்த இடம், உடுத்திருந்த உடுப்பு. இருபத்துமூன்று பேர் கடற்தொழில், மூன்றுபேர் தோட்டக்கூலி. சிமியோனை நடுவில்தான் சொன்னார், முதலாவதாகச் சொல்லவில்லை. "நீலச் சாரம், உள்பெனியன். இடது புருவத்திலை தூண்டில் கிழிச்ச தழும்பு."

நான் இரண்டு பிரதி அடித்தேன். ஒன்றைக் கந்தோரில் வைத்துக்கொண்டு மற்றதை ரீச்சரிடம் கொடுத்தேன். "அடுத்த கூட்டத்திலை பாப்பம்" என்றார். அடுத்த கூட்டத்திலும் அதே பதில். பிறகு அது அவருடைய மேசை லாச்சிக்குள் போய்விட்டது. லாச்சிக்குள் இருப்பது எனக்குத் தெரியும். மக்டலீன் படலைக்கு வந்து, "தாள் போய்ட்டுதோ பிள்ளை?" என்று கேட்கும்போதெல்லாம், "போகும், போகும்" என்றேன். மூன்று மாதம் அப்படிச் சொன்னேன்.

கார்த்திகையில் மாணவர்களில் இருபத்தெட்டுப் பேர் விடுதலையாகி வந்தார்கள். கோயிலில் அபிசேகம், சர்க்கரைப் பொங்கல். வட்டத்தின் வேலை வெற்றி என்று ரீச்சர் நன்றி சொன்னார். அதோடு சனிக்கிழமைகளில் மறுபடி புத்தகங்கள் வந்தன. இரண்டாவது பட்டியல் பற்றி ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

விடுதலையானவர்களில் ஒருவன் என் பெரியம்மாவின் மகன் சிவசுப்பிரமணியம். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தவன். வந்து ஒரு மாதம்வரை வாய் திறக்கவில்லை. ஒருநாள் நான் அவனுக்குச் சோறு கொண்டுபோனபோது தானாகவே சொன்னான்.

"அக்கா, கப்பல்லை என்னோடை கொழும்புத்துறைப் பொடியன் ஒருத்தன் இருந்தவன். எனக்குக் குளிர்காய்ச்சல். தன்ரை சாரத்தைக் கழட்டி என்னைப் போர்த்திட்டு, உள்ளுக்குப் போட்டிருந்த கழுசானோடை இருந்தவன். சிமியோன் எண்டு பேர்."

சோற்றைக் கீழே வைத்தேன். "பிறகு?"

"முகாமிலை ஒரு நாள் பட்டியல் ஒண்டை வைச்சுக்கொண்டு பேர் கூப்பிட்டவங்கள். பேர் வந்த ஆக்களை வேறை மண்டபத்துக்கு மாத்தினவங்கள். அங்கை அடி இல்லை. லோயர் வந்து பாத்தவர். பேர் வராத ஆக்கள் அங்கினையே. இரவிலை சத்தம் கேக்கும். அதுக்குப் பிறகு மூண்டாம் கிழமை சிமியோன் செத்துப்போனான் எண்டு தண்ணி கொண்டுவாறவன் சொன்னவன்."

"ஏனடா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லை" என்றான். "எங்களை வந்து கேட்ட எல்லாரும் மாணவரைப் பற்றித்தான் கேட்டவை."

அடுத்த நாள் சைக்கிளில் கொழும்புத்துறைக்குப் போனேன். நான்கு மைலும் இல்லாத அந்த ஊருக்கு வாழ்க்கையில் நான் போனது அதுதான் முதற்தடவை. வீட்டை விசாரித்துப் போனபோது மக்டலீன் முற்றத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். எழும்பி, வீட்டில் இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டார். ஸ்ரெல்லா தேத்தண்ணி போட்டுக் கிளாசில் கொண்டுவந்தாள்.

நான் அதை வாங்கினேன். ஆனால் வாய்க்குக் கொண்டுபோகக் கை ஒரு கணம் தயங்கியது. எங்கள் வீட்டில் ஒருவரும் அப்படிப்பட்ட வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. ஒரு கணம்தான். ஆனால் மக்டலீன் அதைக் கண்டுவிட்டார். முகத்தை வேறுபக்கம் திருப்பிக் கருவாட்டைப் புரட்டினார். நான் வாய் பொசுங்கப் பொசுங்க முழுவதையும் குடித்தேன்.

பிறகு சொன்னேன். சிவசுப்பிரமணியம் சொன்ன எல்லாவற்றையும், பெயர் கூப்பிட்டதையும்கூட.

ஸ்ரெல்லா வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டாள். மக்டலீன் கருவாட்டுக் கையோடு நின்றார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தத் தாள் போகேல்லை, என்ன பிள்ளை?"

"இல்லை" என்றேன். "லாச்சிக்குள்ளை கிடக்கு. எனக்குத் தெரியும். உங்களுக்குப் பொய் சொன்னனான், அக்கா."

அக்கா என்று நான் அவரைச் சொன்னது அதுதான் முதற்தடவை. அந்த வார்த்தைக்கு அப்போது என்ன பெறுமதி? அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார். அங்கே கப்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு சத்தம் போட்டார். அழுகை என்று அதைச் சொல்லமுடியாது. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. யாரோ ஒரு பெண், "நீங்கள் போங்கோ பிள்ளை" என்றார்.

எட்டாம் நாள் அவரே என் கந்தோருக்கு வந்தார். கறுப்புச் சேலை. கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"மிச்சம் இருபத்தஞ்சு பேர் இருக்கினம். திருப்பி அடியுங்கோ. இந்தமுறை நானே கொண்டுபோறன்."

அடித்தேன். ஆயர் இல்லம், செஞ்சிலுவை, கொழும்பில் உள்ள சட்டத்தரணிகள் என்று கிடைத்த இடமெல்லாம் கொண்டுபோனார். கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரல் வைத்துவந்தவர் ஸ்ரெல்லாவிடம் கேட்டு எழுத்துக்கூட்டப் பழகினார். 85ஆம் ஆண்டு முடிவதற்குள் ஒன்பதுபேர் உயிரோடு வந்துசேர்ந்தார்கள். பதினாறுபேர் வரவேயில்லை.

அந்த வருடம் பங்குனியில் பெண்கள் தினக் கூட்டத்துக்கு மக்டலீனை மேடையேற்ற ரீச்சர் விரும்பினார். நான்தான் போய்க் கேட்டேன்.

"என்னத்தைக் கதைக்கிறது?"

"ரீச்சர் எழுதித் தருவா."

"அப்ப ரீச்சரே கதைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடகத்தைத் தூக்கினார். கொக்குவில் பக்கம் மீன் கொண்டுவருவதை அதோடு நிறுத்திவிட்டார். நானும் சனிக்கிழமைக் கூட்டங்களுக்குப் போகவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பேசவேண்டிய நேரத்தில் வாய்திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு போகாமல் விட்டேன், அவ்வளவுதான்.

பிறகு இந்தியன் ஆமி வந்தது, போனது. மறுபடி சண்டை தொடங்கியது. பாதைகள் பூட்டப்பட்டன. எங்கள் பக்கத்து ஆயுத இயக்கங்களும் பொடியன்களைக் கொண்டுபோன காலம் அது. அந்தத் தாய்மாரும் மக்டலீனைத் தேடிப் போனார்கள். முகாம் வாசல் எதுவானாலும் அவர் கூடப் போனார். யார் பிடித்தது என்று அவர் பார்ப்பதில்லை. அதனால் இரண்டு பக்கத்தாலும் அவருக்கு மிரட்டல் வந்தது.

1993இல், தெற்கிலுள்ள ஒரு சிறையில் பழைய ஆட்கள் சிலர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, இரண்டு தாய்மாருடன் கிளாலிக் கடலேரியால் படகில் புறப்பட்டார். ஏரியில் படகுகளுக்கு நேவி சுட்டது. அவர்கள் போன படகில் தப்பியவர்கள் மூன்றுபேர். மக்டலீன் அதில் இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

கொழும்புத்துறைத் தேவாலயத்தில் வெறும் பெட்டி வைத்துப் பூசை நடந்தது. கரையோரம் முழுக்க வந்திருந்தது. உயிரோடு திரும்பிய ஒன்பதுபேரில் ஆறுபேர் பெட்டியைத் தூக்கினார்கள். கொக்குவிலிலிருந்து நான் மட்டும் போயிருந்தேன். மீனாம்பிகை ரீச்சருக்குச் செய்தி சொல்லியிருந்தேன். "பாவம், நல்ல மனுசி. எங்கடை ஊர்வலத்துக்கு எவ்வளவு சனத்தைக் கொண்டுவந்தவ" என்றார். அவருக்கு முழங்கால் வருத்தம், வர முடியவில்லை.

பூசை முடிந்து ஸ்ரெல்லாவிடம் போனேன். அவள் அப்போது சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கியிருந்தாள். வரிசையில் வந்த ஒவ்வொருவரின் கையையும் பிடித்து ஏதோ சொன்னாள். என் முறை வந்தபோது கையைத் தரவில்லை. என்னை நேராகப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம், "வாங்கோ அன்ரி" என்றாள்.

நான் நகர்ந்து வழிவிட்டேன்.