எட்டில் போன மூச்சு

சாவிக்காரிக்குக் கோபம் வந்தால் சாவி சரியாக அமையாது. அன்று காலை மட்டும் மூன்று சாவிகள் பாழ். வங்கிக் காவலாளி தன் வீட்டுச் சாவியை இரண்டாம் தடவையாகத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"ஏம்மா, பூட்டுக்குள்ள நல்லாத்தான் போகுது. ஆனா ஒண்ணும் நடக்க மாட்டேங்குது."

"சில மனுசங்க மாதிரிதான். உள்ள வந்துருவாங்க, உபயோகமா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. குடுங்க இப்படி."

காவலாளி யாரைச் சொல்கிறாள் என்று கேட்கவில்லை. அனுபவசாலி.

ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க இடமில்லாத கடை அது. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க வெட்டாத சாவி. முன்னால் வெட்டும் மெஷின், அதன் அடியில் பித்தளைத் தூள். மாமனாரிடம் தொழில் கற்றுப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. நியாயமாகப் பார்த்தால் கடை புருஷனுக்கு வந்திருக்க வேண்டும். அவருக்கு மெஷின் சத்தம் கேட்டால் தலைவலி. அதனால் லிஃப்ட் மெக்கானிக் ஆகிவிட்டார். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது அவருக்குத் தொழில்ரீதியாகவே பழக்கம். அந்த வாரம் வீட்டிலும் அதே வேலைதான்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சாயங்காலம் நூலக மாடியில் ஊர்ச் சேர்ந்திசைக் குழு கூடும். முப்பது பேர். நடத்துகிறவர் பல் டாக்டர். "வாயைத் திறங்க, இன்னும் திறங்க" என்று பகலில் சொல்வதையே சாயங்காலமும் சொல்வார். காசு வாங்க மாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். வருஷா வருஷம் வசந்த விழாவில் பாடவேண்டிய பழைய பாட்டு ஒன்று உண்டு. அதன் கடைசி வார்த்தை 'வா'. அந்த 'வா'வைப் பதினெட்டு எண்ணும்வரை அறுபடாமல் நீட்ட வேண்டும். மனுஷப் பிறவிக்கு அது முடியாது என்பதால் முன்னோர்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆளுக்கொரு மூச்சு ஜோடி. ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்றவர் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எடுத்தவர் பூனை மாதிரி சத்தமில்லாமல் திரும்ப வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். கேட்கிறவர்களுக்கு ஒரே மூச்சு.

சாவிக்காரியின் ஜோடி அவள் நாத்தனார். புருஷனுக்கு அக்கா, ஊர் நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். அந்த அம்மாள் தண்ணீருக்கடியில் போனால் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் மூச்சு முட்டும். டாக்டர் போட்ட கணக்குப்படி நாத்தனார் எட்டில் மூச்சு எடுக்க வேண்டும், சாவிக்காரி பதின்மூன்றில்.

சாவிக்காரிக்குப் பதின்மூன்று வராது. எட்டிலேயே போய்விடும். பித்தளைத் தூளோ, வயசோ, அவளும் எந்த டாக்டரிடமும் போய்க் காட்டவில்லை. எட்டில் கமுக்கமாக ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு தொடர்வாள். மூன்று வருஷமாக யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வாரத்தில் ஆறு நாள் "வீட்டுக்கு வெளியே நிக்கிறேன், சீக்கிரம் வாங்க" என்று அழைப்பவர்களுக்காக ஓடுகிறவளுக்கு, செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் சொந்தம். அதில் திருட்டுமூச்சு ஒன்று பெரிய குற்றமாக அவளுக்குப் படவில்லை.

போன செவ்வாய் நாத்தனாருக்கு ஜலதோஷம். எட்டில் 'வா' நடுவில் ஒரு ஓட்டை விழுந்தது. டாக்டர் கையை நிறுத்திவிட்டு நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனாரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"என்னை ஏன் பாக்கறீங்க டாக்டர்? எட்டு என் முறை, எடுத்தேன். இவளைக் கேளுங்க. மூணு வருஷமா இவளுக்கு எட்டுலயே மூச்சு போயிடுது. பாவமேன்னு என் முறையை விட்டுட்டு நான்தான் பதினெட்டையும் தம் பிடிச்சு இழுக்கறேன். இன்னிக்கு மூக்கடைப்பு, முடியல."

மற்ற இருபத்தொன்பது பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பாட்டில் கூட அவர்கள் அவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லை.

டாக்டர் தங்கமான மனுஷர். பல் பிடுங்கும்போது பேசுகிற குரலில் சொன்னார்: "ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. விழாவுல பாட்டு பூரா நீங்க பாடுங்க. அந்தக் கடைசி 'வா' வரும்போது மட்டும் வாயை மூடிக்குங்க." அவருடைய தொழில் வாழ்க்கையில் ஒருவரை வாயை மூடச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் சமாதானம் செய்தார்.

"அக்கா நல்லதுக்குத்தானே செஞ்சுது? மூணு வருஷம் உன்னைக் காப்பாத்தியிருக்கு."

"யாரு காப்பாத்தச் சொன்னா? நான் என்ன குளத்துல விழுந்தா கெடந்தேன்?"

"அதில்ல..."

"எட்டுல நீ எடு, பதிமூணுல நான் எடுக்கறேன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எங்கிட்ட சொல்லியிருந்தா? மாத்திக்கிட்டா வேலை முடிஞ்சுது. ஏன் சொல்லல? சொன்னா இவங்க தியாகி ஆக முடியாதே!"

புருஷன் வழக்கம்போல இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

அதுதான் அவளை அரித்தது. மூச்சு போனதை ஊரறியச் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம். மூன்று வருஷமாகத் தான் பாடியதாக நினைத்துக்கொண்டிருந்தது இன்னொருத்தி தயவில் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு விழா முடிந்ததும் "நல்லாப் பாடினே" என்று அந்த அம்மாள் முதுகில் தட்டியிருக்கிறாள். அந்தத் தட்டலின் அர்த்தம் இப்போதுதான் முதுகில் சுட்டது.

கடையில் ஆளில்லாத நேரத்தில் 'வா' என்று நீட்டிக்கொண்டே எண்ணிப் பார்த்தாள். எட்டு. கோபத்தோடு நீட்டினாள். எட்டு. நாத்தனாரை நினைத்துக்கொண்டு நீட்டினாள். ஏழு. பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யாரைம்மா கூப்பிடறே?" என்று கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்.

விழா நாளில் கடைத்தெருவை மறித்து மேடை போட்டிருந்தார்கள். மரமெல்லாம் பூ. மனிதர்கள் எல்லாருக்கும் தும்மல். விழாக் குழுத் தலைவர் சோபாக்கடைக்காரர். ஒற்றுமையைப் பற்றி அவர் இருபத்தைந்து நிமிஷம் பேசினார். கூட்டம் ஒற்றுமையாகக் கடிகாரத்தைப் பார்த்தது. முன்வரிசைக்குத் தன் கடை சோபா, மற்ற ஊருக்கு இரும்பு நாற்காலி. ஒற்றுமை அந்த அளவுக்குப் போதும் போலிருக்கிறது.

மேடையில் சாவிக்காரியும் நாத்தனாரும் பக்கத்துப் பக்கத்தில், தோளோடு தோள் படாமல். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் குழுவின் சீருடையான இரண்டு மஞ்சள் துண்டுகள்தான் தெரியும்.

"ஞாபகம் இருக்குல்ல? கடைசியில கம்முனு இரு," என்று நாத்தனார் உதடு அசையாமல் சொன்னாள்.

"உங்க வேலையைப் பாருங்க அண்ணி."

பாட்டு நன்றாகவே போயிற்று. கடைசி 'வா' வந்தது. டாக்டரின் கை உயர்ந்தது. சாவிக்காரி வாயைத் திறந்தாள். தன்னிடம் இருந்த எட்டையும் ஒளிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். பக்கத்தில் நாத்தனாரின் தலை லேசாகத் திரும்பியது.

எட்டு. சாவிக்காரி மூச்சு எடுத்தாள். திருட்டுமூச்சு அல்ல, ஊருக்கே கேட்கும்படி, கிணற்றிலிருந்து ஏறியவள் மாதிரி, ஆற அமர எடுத்தாள். இந்த வருஷம் இவளுக்காகத் தம் பிடிக்க வேண்டியதில்லை என்று முடிவுசெய்திருந்த நாத்தனாரும் தன் முறைப்படி, எட்டிலேயே எடுத்தாள்.

குழுவின் மிகப்பெரிய இரண்டு தொண்டைகளும் ஒரே நேரத்தில் நின்றன. மற்றவர்கள் முனகுவது கொசு பறப்பது போலக் கேட்டது. கூட்டம் பாட்டு முடிந்ததென்று கைதட்டியது. சோபாக்கடைக்காரர் பூங்கொத்தோடு மேடைப்படி ஏறத் தொடங்கிவிட்டார்.

கைதட்டல்தான் சாவிக்காரிக்கு வெறியேற்றியது. முடியாததை முடிந்ததென்று யார் இவர்களுக்குச் சொன்னது? பூனை மாதிரி வரவேண்டியவள் லாரி மாதிரி வந்தாள். நாத்தனார் சும்மா விடுவாளா? அவளும் வந்தாள். பூங்கொத்து பாதிப்படியில் நின்றது. பதினான்கு. சாவிக்காரி இன்னொரு மூச்சு எடுத்தாள், அதையும் பகிரங்கமாக. பதினெட்டு. டாக்டர் விரல்களை மடக்கினார். இருபத்தெட்டு பேர் நின்றார்கள். இரண்டு பேர் நிற்கவில்லை. இருபத்திரண்டில் சாவிக்காரி மூன்றாவது மூச்சையும் எடுத்தாள். டாக்டர் மறுபடி மடக்கினார். முஷ்டியை ஆட்டினார். பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இருபத்தாறு வரை எண்ணிய யாரோ ஒருவர் விசிலடித்தார். முப்பதை ஒட்டி இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். யார் முதலில் என்பதில் இன்றும் வழக்கு இருக்கிறது.

மேடைக்குப் பின்னால் டாக்டர் வெளுத்துப் போய் வந்தார்.

"நான் என்னம்மா சொன்னேன் உங்ககிட்ட?"

"வாயை மூடச் சொன்னீங்க. எனக்கு எட்டு வருது டாக்டர். எட்டுல எனக்கு மூச்சு வேணும். அதை எழுதி வச்சுக்குங்க. இவங்களைப் பதிமூணுல போடுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, நான் வீட்லயே பாடிக்கறேன்."

"முறையை மாத்தறதா?" டாக்டர் யோசித்தார். "மாத்தலாம்தான். இதை முன்னாடியே..."

"அதைத்தான் நானும் கேக்கறேன்," என்று சாவிக்காரி நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

நாத்தனாரின் முகம் சிவந்திருந்தது. "நல்லது பண்ணப் போய் எனக்கு இது வேணும்."

"இனிமே எனக்கு நல்லது பண்றதுன்னா எங்கிட்ட கேட்டுட்டுப் பண்ணுங்க அண்ணி."

"கேட்டா நீ ஒத்துக்குவியாக்கும்?"

"மாட்டேன்."

டாக்டர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, பாட்டுத்தாளில் நாத்தனாருக்கு எதிரே இருந்த எட்டை அடித்துப் பதின்மூன்று என்றும், சாவிக்காரிக்கு எட்டு என்றும் எழுதினார்.