மணி அடித்ததும் மடி உதறினோம்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்து, பால் காய்ச்சி, இட்லி ஊற்றி, மதியத்துக்குப் புளிக்குழம்பு வைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டேன். எட்டு மணிக்கு ராசிங்காபுரம் நிறுத்தத்தில் மதினியோடு நின்றேன். ஆடிக்காற்று மலையிலிருந்து இறங்கிப் புழுதியை வாரி அடித்தது. மதினி ஒரு கையால் முந்தானையையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டார். என் அண்ணன் மனைவி. அவருடைய வலது முழங்கால் இரண்டு வருடமாகச் சரியாக மடங்குவதில்லை. பஸ்ஸில் ஏறும்போது கீழிருந்து ஒருவர் தாங்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நான்தான்.

நாங்கள் இருவரும் போடியில் ஒரு ஏலக்காய்க் கிடங்கில் வேலை செய்கிறோம். மலைத்தோட்டங்களில் உலர்த்திய காய் மூட்டை மூட்டையாக ஜீப்பில் வந்து இறங்கும். முப்பது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து காம்பு கிள்ளி, வெடித்ததையும் சூம்பியதையும் நீக்கி, பருமன் பார்த்துப் பிரிப்பார்கள். நான் மேற்பார்வை. சாவி, வருகைப்பதிவு, எடை எல்லாம் என் பொறுப்பு. மதினி மட்டும் கடைசி மூலையில், பின்கதவை ஒட்டி, ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பின்கதவு பூட்டியே இருக்கும். காயின் விலை அப்படி. ஒரு கைப்பிடி வெளியே போனாலும் முதலாளிக்குத் தூக்கம் வராது. சாயங்காலம் எல்லோரும் முன்கதவு வழியாகத்தான் போக வேண்டும். வாட்ச்மேன் ஒரு பக்கக் கதவைச் சாத்திவிடுவார். மறுபக்கம் ஒவ்வொருவராக வந்து மடியையும் முந்தானையையும் உதறிக் காட்டிவிட்டுப் போவார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பது நான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். யாரும் இதைக் குறையாக நினைத்ததில்லை. ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டேதான் உதறுவார்கள்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு சாக்குக் கிடங்கில் தீப்பிடித்தது. ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எங்கள் முதலாளி பயந்துவிட்டார்.

“நம்ம ஆளுகளுக்கும் ஒரு பயிற்சி கொடுத்துருவோம். எது தோதுன்னு நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க” என்று என்னிடம் விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. தீ என்றால் மற்றவர்கள் எப்படியாவது ஓடிவிடுவார்கள். மதினி என்ன செய்வார்?

மூன்று இடங்களில் விசாரித்தேன். மதுரையில் ஒரு கம்பெனி. கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் படம் போடுவார்கள், மதியம் பிரியாணி, ஆளுக்கொரு சான்றிதழ். இன்னொன்று செல்போனில் பார்க்கிற பாடம். முடிவில் கேள்விகள் வரும், சரியாகத் தொட்டால் சான்றிதழும் போனுக்கே வந்துவிடும். எங்கள் பெண்களில் பாதிப் பேரிடம் இருப்பது பட்டன் போன். மூன்றாவது, தேனியில் ஒருவர். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்று, முறைப்படி அனுமதி வாங்கி, வேலை நடக்கிற இடத்துக்கே வந்து பயிற்சி கொடுப்பவர்.

முதல் இரண்டு பேரும் போனில் என்னென்ன தருவோம் என்று சொன்னார்கள். தேனிக்காரர் எதுவும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே போனார். எத்தனை கதவு, எந்தப் பக்கம் திறக்கும், மூட்டையை எங்கே அடுக்குகிறீர்கள், மின்சாரப் பெட்டி எங்கே. கடைசியாக, “நடக்கச் செரமப்படுறவங்க யாரும் இருக்காங்களாம்மா?” என்றார்.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

முதலாளிக்குத்தான் மனசே இல்லை. “மதுரைக்காரங்க சான்றிதழ்ல பேரெல்லாம் தங்க எழுத்துல்ல?” என்றார்.

“இவரும் சான்றிதழ் குடுப்பாருங்க. கறுப்பு எழுத்துல இருக்கும்” என்றேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் பைக்கில் வந்து இறங்கினார். நல்ல தொந்தி. அவரைப் பார்த்ததும் முன்வரிசையில் இருந்த ஒருத்தி, “இவரே மொதல்ல வாசல்ல மாட்டிக்கிருவாரு போலயே” என்று முணுமுணுத்தாள். அது அவர் காதில் விழுந்துவிட்டது.

“அதான் ஆத்தா, நான் எப்பவும் வாசலுக்கு வெளியவே நிக்கிறது” என்றார். அதோடு கூச்சம் போய்விட்டது.

முற்றத்தில் பழைய டின்னில் தீ மூட்டி, அணைப்பானின் ஊசியை எப்படி உருவுவது, குழாயைத் தீயின் அடிப்பக்கம் எப்படிப் பிடிப்பது என்று ஒவ்வொருவரையும் செய்யவைத்தார். காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும் என்பதை மூன்று பேர் முகமெல்லாம் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு தெரிந்துகொண்டார்கள். மதினியும் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு தடவை அணைத்தார். “அடுப்பப் பத்தவைக்கத்தான் இத்தன வருசம் பாடுபட்டேன், அணைக்க இம்புட்டு லேசா இருக்கே” என்றார்.

மதியச் சோற்றுக்கு முன்னால் தேனிக்காரர் எல்லோரிடமும் சொன்னார்: “வேலை நேரத்துல மணி அடிப்பேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். கேட்டதும் போட்டது போட்டபடி வெரசா வெளிய வந்துரணும்.” பின்கதவின் பூட்டைப் பற்றி நான் போனிலேயே சொல்லியிருந்தேன். முதல் தடவை அது பூட்டியே இருக்கட்டும், முதலாளி தன் கண்ணால் பார்க்கட்டும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

இரண்டரை மணி வாக்கில் மணி அடித்தது.

எல்லோரும் எழுந்தார்கள். யாரும் அலறவில்லை, தள்ளவில்லை. முன்கதவுக்குப் போனார்கள். வாட்ச்மேன் ஓடிவந்து ஒரு பக்கக் கதவைச் சாத்தினார். முதலில் போனவள் நின்று, மடியை உதறி, முந்தானையை உதறி, வெளியே போனாள். அடுத்தவளும் உதறினாள். வரிசை கிடங்கின் பாதிவரை நீண்டது. நான் கதவுக்குப் பக்கத்தில் என் வழக்கமான இடத்தில் நின்று அவர்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எப்போது போய் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

வெளியே கடிகாரத்தோடு நின்ற தேனிக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார்.

“என்னம்மா நடக்குது? தீக்கு எதுக்கு ஆரத்தி எடுக்குறீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். வரிசையின் கடைசியில், சுவரைப் பிடித்துக்கொண்டு மதினி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இன்னும் இருபது பேராவது இருப்பார்கள். அவருக்குப் பின்னால் அடுக்கிய மூட்டைகளும் பூட்டிய கதவும்தான்.

தேனிக்காரர் வெளியே எல்லோரையும் கூட்டி வைத்து, ஏன் உதறினீர்கள் என்று கேட்டார். முன்வரிசைக்காரிதான் பதில் சொன்னாள்: “உதறாமப் போனா நாளைக்கு யாராச்சும் ஒரு சொல்லு சொல்லுவாக சார். தீயில வெந்தாலும் அந்தச் சொல்லு வேணாம்.”

முதலாளி எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: “மணி அடிச்சா ஒருத்தரும் உதற வேணாம். வாட்ச்மேன், நீங்க ரெண்டு கதவையும் தொறந்து விட்டுட்டுத்தான் வெளிய வரணும். எவனாச்சும் ஒரு சொல்லு சொன்னா எங்கிட்ட வாங்க.”

“அது சரி. அந்தப் பின்கதவு?” என்றார் தேனிக்காரர்.

“அதத் தொறந்து போட்டா காய் தானா நடந்து போயிருமே அண்ணே.”

“காய்க்குக் கால் இல்ல. அந்தா ஸ்டூல்ல உக்காந்திருக்காங்களே, அவங்களுக்கும் ஒரு கால்தான்.”

எனக்கு அப்போது ஏலத்துக்குச் சாம்பிளாக அனுப்புகிற பைகள் நினைவுக்கு வந்தன. அவற்றின் வாயை மெல்லிய நூலால் கட்டி அரக்கு வைப்போம். பிரிப்பது சுலபம், ஆனால் பிரித்தால் தெரிந்துவிடும். “பூட்ட எடுத்துருவோம். உள்பக்கத் தாழ்ப்பாள்ல நூல் கட்டி அரக்கு வைக்கிறேன். காலையிலயும் சாயங்காலமும் நான் பாக்குறேன். காரணமில்லாம அறுந்திருந்தா எனக்குத் தெரிஞ்சுபோகும்” என்றேன்.

தேனிக்காரர் சிரித்தார். முதலாளி தலையை ஆட்டினார். மூட்டைகளை அந்த நிமிடமே நகர்த்தினோம். பூட்டைக் கழற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்தேன். பின்கதவு வழியாகப் போக வேண்டிய பத்துப் பேரைத் தேனிக்காரர் பிரித்துவிட்டார். மதினியின் இரண்டு பக்கத்திலும் தாங்குவதற்கு ஆள் வைத்தார்.

நான்கு மணிக்கு மேல் மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை என் இடம் முற்றத்து வேப்பமரத்தடி. வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். வாட்ச்மேன் இரண்டு கதவையும் தள்ளித் திறந்து “போ, போ, போ” என்று கத்தினார். இத்தனை நாளும் ஆட்களை நிறுத்தியே பழகியவர், போகச் சொல்வதில் அவருக்கு இவ்வளவு உற்சாகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முன்வரிசைக்காரி ஓடுகிற ஓட்டத்திலேயே முந்தானையை ஒரு உதறு உதறிவிட்டுத்தான் வந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் பழக்கத்தில் முன்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துகொண்டே இருந்தார்கள். மதினி வரவில்லை.

“ஏத்தா, அங்கிட்டு என்னத்தப் பாக்குற?” என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. “நான் வந்து நின்னு கால் வலிக்குது. ஸ்டூலக் கொண்டா.”

பின்கதவு வழியாக வெளியேறி, கிடங்கைச் சுற்றி, முன்கதவில் ஆட்கள் வந்து முடிவதற்குள்ளேயே மதினி மரத்தடிக்கு வந்துவிட்டிருந்தார். நான் ஸ்டூலை எடுக்கப் போகாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்றில் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல எல்லோரும் உதறிவிட்டுத்தான் போனார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ராசிங்காபுரம் வருவதற்குள் மதினி தூங்கிவிட்டார். அவர் தலை என் தோளில் இருந்தது. எனக்குப் பல நாள் கழித்துப் பசித்தது. இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, கிடங்கைத் திறந்ததும் வருகைப்பதிவை எடுக்கவில்லை. நேராகப் பின்கதவுக்குப் போனேன். ஒத்திகையில் அறுந்த நூலை எடுத்துப்போட்டுவிட்டுப் புது நூல் கட்டி அரக்கு வைத்தேன். பின்னாலேயே நடந்து வந்த மதினி, “உறுதியாக் கட்டிட்டயா என்ன?” என்று தாழ்ப்பாளை ஒரு இழு இழுத்தார். பட்டென்று அறுந்தது. “சரி, இது போதும்” என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நான் இன்னொரு நூல் எடுத்துக் கட்டினேன்.