பானா கசூபா சேர்த்துக்கொண்ட ஆள்

ந்டோலா சந்தையில் பழைய துணி விற்கும் பானா கசூபாவுக்கு ஃபேஸ்புக்கில் நாற்பத்தோரு நண்பர்கள். வயசுக்கு ஒன்று வீதம்தான் சேர்த்துக்கொள்கிறாள், அடுத்த ஆளுக்கு அடுத்த பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டும் என்று சந்தையில் கேலி செய்வார்கள். பானா கசூபா என்றால் கசூபாவின் அம்மா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே வழக்கமும் இல்லை, யாருக்கும் துணிச்சலும் இல்லை.

நட்பு கேட்டு வாசலில் நிற்பவர்கள் முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொருவரையும் அவள் சட்டையைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பாள். மூட்டை பிரித்ததும் சட்டையை உள்புறம் திருப்பி, அக்குள் தையலை இழுத்துப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விலையே வாயில் வரும். கப்வேயில் குடியிருப்பதாகச் சொன்ன ஒருவன் காரில் சாய்ந்து நின்று படம் போட்டிருந்தான். காரின் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. கப்வேயில் எவனிடம் அப்படிக் கார் இருக்கிறது? கழித்துவிட்டாள். வெளிநாட்டு ராணுவ அதிகாரி ஒருவருக்கு மொத்தமே மூன்று நண்பர்கள், மூவரும் விதவைகள். அவரையும் கழித்தாள். ஒரு பாஸ்டர், தினமும் காலையில் வசனம் அனுப்புகிறவர், நல்ல மனுஷராகக்கூட இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும், அவரையும் சேர்க்கவில்லை.

அவளைப் பைத்தியம் என்று சொல்கிறவர்கள் கசூபாவை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். கணவன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். ஒரே மகள். இருபது வயசு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இரண்டு வருஷமாக வேலை தேடுகிறாள், கையை விட்டு போன் இறங்குவதில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த பெண் ஒருத்தி, போனில் பழக்கமானவன் வேலை வாங்கித் தருகிறான் என்று கிளம்பிப் போனாள். ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். எங்கே இருந்தாள், என்ன நடந்தது என்று இன்றுவரை பெற்ற தாயிடம்கூட வாய் திறக்கவில்லை. அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் பானா கசூபா மகளுக்குப் போன் போட்டு எங்கே இருக்கிறாள் என்று கேட்பாள்.

அதனால்தான் மகளுக்கு ஒரு சட்டம் போட்டாள்.

"நான் சேர்க்காத ஆள நீ சேர்க்கக் கூடாது. மொதல்ல நான் பாக்கணும். அப்புறம்தான் நீ."

"மாயோ, உங்களுக்குப் பாஸ்டரக் கண்டாலும் சந்தேகம். நீங்க பாத்து முடிக்கறதுக்குள்ள நான் கெழவி ஆயிடுவேன்."

"ஆயிட்டுப் போ. உயிரோட இருக்கற கெழவியா இரு."

கசூபா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் அம்மாவின் பேச்சைத் தட்டவில்லை. அந்தப் பெண் அப்படித்தான்.

லாமெக் சோகோ என்பவன் அந்த மழைக்காலத்தில் வந்தான். சிப்பாட்டா ஊர், ங்கோனி இனம், பொறியாளர் வேலை என்று போட்டிருந்தான். ஸ்டியரிங் சரியான பக்கம் இருந்தது. நண்பர்களும் நிறைய. நட்பு கேட்டதோடு நிற்காமல் மெசேஜும் அனுப்பினான்: மதிப்புக்குரிய அம்மா, தங்கள் குடும்பம் நலமா, தங்கள் கடைப் படங்களைப் பார்த்து வியந்தேன். இப்படி நான்கு நாள் தேன் ஒழுகிற்று. ஐந்தாம் நாள் பானா கசூபாவுக்குப் பொறி தட்டியது. இவன் ஏன் இன்னும் என்னைத் திட்டவில்லை?

அவள் பெம்பா. பெம்பாவுக்கும் ங்கோனிக்கும் கேலிமுறை. ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டவர்கள், இப்போது அதற்குப் பதில் வைதுகொள்கிறார்கள். முன்பின் பார்த்திராத ங்கோனிக்காரன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், உன் ஊரில் குரங்கு கிலோ என்ன விலை என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான். அவனை எலிதின்னி என்று பதிலுக்கு வாரினால் அன்றைக்கே உறவாகிவிடலாம். கோபித்துக்கொண்டால் அவமானம் கோபித்தவருக்குத்தான். பக்கத்துக் கடை பா சகாலா அசல் ங்கோனி. பதினொரு வருஷமாக அவளுக்கு ஒருநாளும் காலை வணக்கம் சொன்னதில்லை. "என்னா குரங்குதின்னி, வால மடிச்சு உள்ள வச்சுட்டியா?" என்பார். அப்படித்தான் அவள் கடை திறக்கும்.

லாமெக்குக்கு அவள் எழுதினாள்: நீ ங்கோனி இல்லை, போய் வேறு வாசல் பார். அவன் பெயரோடு மறைந்துபோனான்.

இதோடு விட்டிருக்கலாம். வெற்றி தலைக்கேறிவிட்டது. சந்தைப் பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு, இருநூறு பேருக்கு மேல். அதில் நீளமாக எழுதினாள். எப்படி மாட்டினான் தெரியுமா? நிஜ ங்கோனியாக இருந்தால் வாயைத் திறந்ததுமே என்னைக் குரங்குதின்னி என்றிருப்பான், இந்த மடையன் மதிப்புக்குரிய அம்மா என்றான். கைதட்டும் படங்கள் மழையாகக் கொட்டின. அன்று முழுக்க அவள் கால் தரையில் இல்லை. கள்ளனுக்குப் பாடம் எழுதிக் கொடுத்துவிட்டு அதற்குக் கைதட்டும் வாங்கிக்கொண்டாள் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. அன்றைக்கு யாருக்கு அது தெரிந்தது?

மூன்று வாரம் கழித்து, தானும் ங்கோனி என்று போட்டுக்கொண்டு யோபே ஜேரே வந்தான். முதல் வரியே, "ஏ குரங்குதின்னி, வாழைப்பழம் காட்டினாத்தான் கதவத் தொறப்பியா?"

பானா கசூபா கடையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். படங்களைப் பார்க்கவில்லை. கார் எதுவும் இருக்கிறதா என்று தேடவில்லை. தையலை இழுத்துப் பார்க்காமல் அவள் எடுத்த முதல் சட்டை அது. அப்போதே சேர்த்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு. தினம் ஒரு வசவு வரும், தினம் ஒரு வசவு போகும். சொல்வெசியில் ஹோட்டல் ஒன்றில் மேலாளர் என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் விற்கவில்லை. ஒன்றும் கேட்காதவன்மீது எதைச் சந்தேகப்படுவது?

மே மாதம் அவளுடைய தாய்மாமன் இறந்தார். ஃபேஸ்புக்கில் ஒரு வரி செய்தி போட்டாள். புதைத்துவிட்டு வந்து வாசலில் கை கழுவினார்கள். பெண்கள் பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, பின்புறம் சோள மாவில் ந்ஷிமா களி கிளறும் சத்தம். நடுவில் பா சகாலா தன் வேலையைப் பார்த்தார். இறந்தவரின் கோட்டை மாட்டிக்கொண்டு, அவர் நொண்டி நடந்ததுபோலவே நடந்து காட்டினார்.

"குரங்கு வேட்டைக்கு இனி யாருடி போவா? கெழவன் துப்பாக்கியோட போயிட்டானே! பெம்பாக்கூட்டம் இனிப் பட்டினிதான்!"

அழுதுகொண்டிருந்த பெண்களே முந்தானையில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சாவு வீட்டில் கேலிமுறைக்காரன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அது இறந்தவருக்கே மரியாதைக்குறைவு. அதற்குத்தான் அவர் வந்தார்.

அப்போது பானா கசூபாவின் போன் அதிர்ந்தது. யோபே ஜேரே. "சகோதரி, ஈடுசெய்ய முடியாத இழப்பு. தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். அமைதியாக இளைப்பாறட்டும்." கூப்பிய கைகள் மூன்று.

இரண்டு முறை படித்தாள். பிறகு எழுதினாள்: ஏ எலிதின்னி, எங்க மாமாவப் பொதைக்க நீ வராம வேற யாரு வருவா? வளையில தூங்கறியா?

பதில் உடனே வந்தது. "துக்க வீட்டில் கேலி வேண்டாம் சகோதரி. இது தகாது."

அவள் போனை பா சகாலாவிடம் நீட்டினாள். அவர் கோட்டோடு நின்று படித்தார். பதினொரு வருஷத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் கேலி இல்லை.

"இவன் எங்க ஆளு இல்லம்மா," என்றார்.

குழுவில் அவள் சொல்லிக் கொடுத்தது வசவை மட்டும்தான். சாவு வீட்டிலும் கேலி உண்டு என்று அங்கே எழுதவில்லை. அதனால்தான் அவனுக்கு அது தெரியவில்லை.

உள்ளே ஓடினாள். கசூபா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யோபே ஜேரே. அவன் ஒன் போன்ல இருக்கானா?"

கசூபாவின் கை நின்றது. "இருக்காரு மாயோ."

"என்ன பேசினான்?"

"அவர் ஹோட்டல்ல வரவேற்பு வேல. நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். சொல்வெசி பஸ் ஸ்டாண்டுல வந்து அவரே கூட்டிட்டுப் போறேன்னாரு. வேல கெடச்சப்புறம் உங்ககிட்ட சொல்லி அசத்தலாம், இப்பச் சொல்லாதேன்னாரு." அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் உடைந்தது. "நான் சட்டத்த மீறல மாயோ. நீங்க சேர்த்த ஆளத்தானே சேர்த்தேன். எங்க மாயோவே பாத்து எடுத்திருக்காங்கன்னா அதுக்கு மேல என்ன வேணும்னு நெனச்சேன்."

பானா கசூபா ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமாவுக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது. மகளின் சோப்பு நுரைக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுத் தன் பெயரையே ஒரு முத்திரையாக்கி வைத்திருக்கிறாள். அதைத்தான் அவன் வாங்கிப் போயிருக்கிறான். போனில் பார்த்தால் அவளுடைய நண்பர்களில் பத்தொன்பது பேர் அவனைச் சேர்த்திருந்தார்கள். அவர்களில் ஏழு பேர் கசூபா வயசுப் பெண்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள். நான்தான் ஏமாந்தேன், உங்க பொண்ணு எங்கேயாவது கெளம்பறாளா என்று கேட்டாள். வழக்கமாகக் கேலி செய்கிறவர்கள் ஒருத்தர்கூடக் கேலி செய்யவில்லை. இரண்டு பெண்கள் பெட்டி கட்டி வைத்திருந்தார்கள். யோபே ஜேரேயின் பக்கம் அதற்குள் காணாமல் போயிருந்தது.

சாயங்காலம் குழுவில் எழுதினாள்: யோபே ஜேரே பொய் ஆள். நான் சேர்த்ததைப் பார்த்துச் சேர்த்தவர்கள் பெண்பிள்ளைகளிடம் விசாரியுங்கள். தப்பு என்னுடையது. அவ்வளவுதான்.

"எப்படிக் கண்டுபுடிச்சீங்கன்னும் எழுதுங்க மாயோ, நாலு பேருக்கு உதவுமே," என்றாள் பக்கத்தில் இருந்த கசூபா.

"வேண்டாம்."

ஆறுதல் வார்த்தைகள் வரிசையாக வந்தன. நடுவில் ஒரு நம்பர், படம் இல்லை, பெயர் இல்லை. "பானா கசூபா, இந்தத் தடவை எப்படி மாட்டினான்? கொஞ்சம் விவரமாச் சொல்லுங்களேன்."

அவள் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன மழைக்காலத்தில் கைதட்டியவர்களிலும் இதே நம்பர் இருந்ததா என்று மேலே தள்ளித் தேடினாள். இருந்தது.

"இந்த நம்பரைக் குழுவில் சேர்த்தது யார்?" என்று எழுதினாள்.

இருநூறு பேரும் படித்துவிட்டார்கள். யாரும் பதில் போடவில்லை.