நஃபீஸாவின் மகளுக்கு நான் போட்ட ஐம்பத்தொண்டு

நஃபீஸாவப் பத்திக் கதைக்க எனக்கு வாய் கூசுது. ஆனா சொல்லித்தான் ஆகணும்.

தொண்ணூறில முஸ்லிம்கள வெளியேத்தினப்ப மன்னாரிலிருந்து உம்மாட இடுப்பில வந்தவ. அப்ப ஒரு வயசு. கற்பிட்டிப் பக்கம் முகாமிலயே வளர்ந்தா. மூணாம் வகுப்போட படிப்பு நிண்டுட்டுது. இப்ப உப்பளத்தில வேலை. எழுத்து வாசிக்கத் தெரியாது. இலக்கம் தெரியும், உப்பு மூட்டை எண்ணிப் பழக்கம். மகள் ஸும்ரா டொக்டராகணும் எண்டெல்லாம் அவவுக்கு ஆசையில்ல. "வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தா அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது டீச்சர், அவ்வளவுதான்" எண்டு சொல்லுவா.

ஸும்ரா என்ட நாலாம் வகுப்பு. தவணைக்கு ஒருக்கா கல்வி வலயம் முழுக்க ஒரே வினாத்தாள் வரும். புள்ளிய கணினியில போட்டா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு, ஏறும், இறங்கும். நாப்பதுக்குக் கீழ போனா சிவப்பு. சிவப்புப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் வாசிப்பு வகுப்பு. நல்ல ஏற்பாடுதான். குறை என்னிலதான்.

வலயப் பரீட்சையும் உப்பு அள்ளுற காலமும் ஒண்டாத்தான் வந்து தொலையும். பரீட்சைக்கு முதல் வீட்டுக்கு அறிவித்தல் துண்டு அனுப்புவம். நஃபீஸா வீட்டில அத வாசிக்க ஆளில்ல. பரீட்சை நாள்ல ஸும்ரா உப்பளக் கொட்டில்ல கைக்குழந்தைத் தம்பியப் பாத்துக்கொண்டிருப்பா. கட்டத்த வெறுமையா விட்டாலும் "வரவில்லை" எண்டு போட்டாலும் கணினி சைபரா எடுக்கும், வகுப்புச் சராசரி விழும். விழுந்தா அதிபர் கூட்டத்தில என்னை எழுப்பி வச்சுக் கேப்பார். நான் ரோஷக்காரி, தாங்க மாட்டன். முதல் தவணை நாப்பத்தாறு எண்டு போட்டன். பிள்ளைக்கும் நல்லதுதானே எண்டு மனசுக்கு ஒரு சாட்டுச் சொன்னன். அடுத்த தவணையும் அவ வரேல்ல. ஐம்பத்தொண்டு போட்டன். கோடு வடிவா ஏறிச்சு. அவட பேருக்குப் பக்கத்தில நட்சத்திரம் ஒட்டினாங்க. வெட்கங்கெட்ட நான் கையும் தட்டினன்.

ஸும்ராவுக்கு வாசிக்கத் தெரியாதெண்டு எனக்குத் தெரியாது எண்டா அது பொய். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் ஒண்டா வாசிக்கக்குள்ள அவ வாய மட்டும் அசைப்பா. நான் கண்டிருக்கிறன். கண்டும் காணாத மாதிரி இருந்தன்.

போன மாசம் நஃபீஸா பள்ளிக்கூடத்துக்கு வந்தா. ஒரு கையில முன்னேற்ற அறிக்கை, மற்றக் கையில சின்னவனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம். பின்னால ஸும்ரா.

"டீச்சர், இஞ்ச பாருங்க, ஐம்பத்தொண்டு எண்டு கிடக்கு. ஆனா இவ இந்தக் கடிதத்த வாசிக்க மாட்டாவாம். என்ன திமிர் பாருங்க! நேத்து ஈர்க்கால நல்லா அடிச்சுப்போட்டன்."

ஸும்ராட கை முழுக்கச் சிவந்த கோடுகள். அவ என்னையே பாத்துக்கொண்டு நிண்டா. அல்லாஹ்வே, பூமி பிளந்து என்னை விழுங்கினாப் போதும் எண்டு இருந்தது.

"நஃபீஸா, அது திமிரில்ல. அவவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்த ரெண்டு பரீட்சையும் அவ எழுதவே இல்ல. புள்ளி நான் போட்டது."

நஃபீஸா அறிக்கையில கிடந்த ஐம்பத்தொண்டப் பாத்தா, பிறகு மகள்ட கையப் பாத்தா.

"அப்ப அந்த அடி யாருக்கு விழுந்திருக்கணும் டீச்சர்?"

கத்தி ஏசியிருந்தாக் கூட மனசு ஆறியிருக்கும். அவ குரல உயர்த்தவே இல்ல. கடிதத்த நான் வாசிச்சுக் காட்டினன். ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்ன திகதியக் கேட்டுக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு போயிட்டா.

அண்டைக்கே அதிபர்ட்ட போய் எல்லாத்தையும் சொன்னன். வாயில வந்ததெல்லாம் ஏசினார், நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டன். ரெண்டு கட்டத்திலயும் "வரவில்லை" எண்டு மாத்தி, ஸும்ராட பேர வாசிப்பு வகுப்பில சேத்தம்.

முதல் நாள் அவவுக்குப் பக்கத்தில கதிரையப் போட்டு இருந்தன்.

"உம்மா அடிக்கக்குள்ளயாவது, நான் பரீட்சை எழுதேல்ல எண்டு சொல்லியிருக்கலாமே மகள்?"

அவ புத்தகத்திலிருந்து தலைய நிமித்தேல்ல.

"சொன்னா உம்மா வந்து உங்களுக்கு ஏசுவாவே டீச்சர்."