மிளகாய்க்கு ஒரு கண் போதாது

பலாபத்வலையில் எங்கள் மில்லில் இருபத்தைந்து வருடமாக மிளகாய் அரைக்கிறேன். மிளகாய்த் தூள் மனிதரை என்ன செய்யும், என்ன செய்யாது என்று எனக்குத் தெரியும். அதை எனக்கே சொல்லித்தர வந்தார்கள்!

என் இடது கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது, சொட்டு மருந்தை நிறுத்தினால் பார்வை போய்விடும் என்று மாத்தளையில் கண் டொக்டர் சொல்லியிருந்தார். ஐந்து மாதம் தவறாமல் விட்டேன். ஒரு தொந்தரவும் இல்லை. ஆறாவது மாதம் அந்தக் கண்ணைச் சுற்றித் தோல் சிவந்து தடித்து, செதில் செதிலாக உரிந்தது. அரிப்பு தாங்க முடியவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். மிளகாய் மில் என்றேன். தூள்தான் காரணம், மில் பக்கம் போகாமல் மருந்தைத் தொடருங்கள் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் மில் சாவியை வாங்கிக்கொண்டான்.

"போதும் உம்மா. கொச்சிக்காத் தூள்ல நின்னு கண்ணக் கெடுத்துக்காதீங்க. இனி நான் பாத்துக்கிறேன்."

பாசத்தில்தான் சொன்னான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுடைய வாப்பா மௌத்தான பிறகு தனியாக நின்று நான் ஓட்டிய மில் அது.

நான்கு நாள் வீட்டில் இருந்து மருந்தை விட்டுக்கொண்டேன். தோல் இன்னும் மோசமானது. நான்காம் நாள் மகன் முதன்முதலாக மிளகாய் அரைத்துவிட்டு வந்தான். இரண்டு கண்ணும் சிவந்து, தண்ணீர் கொட்ட, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசலில் நின்றான். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். வலது கண் பளிச்சென்று இருந்தது. மிளகாய்க்கு இடது ஏது, வலது ஏது?

மறுநாளே டொக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"டொக்டர், ரெண்டு கண்ணையும் வச்சிக்கிட்டுத்தான் மில்லுல நிக்கிறேன். மருந்து மட்டும்தான் ஒரு கண்ணுக்குப் போகுது."

அவர் விளக்கைப் பிடித்து இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த மருந்துதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பல மாதம் கழித்தும் இப்படி வரும் என்று சொல்லி, வேறு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

சில வாரங்களில் தோல் ஆறியது. அழுத்தமும் கட்டுக்குள் இருக்கிறது. பார்வை போய்விடுமோ என்று நான் உள்ளுக்குள் நடுங்கியது யாருக்கும் தெரியாது.

சாவியை நான் கேட்கவில்லை. ஒரு காலை, மிளகாய் மூட்டைகளோடு ஆட்கள் வந்து நின்றபோது, மகனே அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். அவனுடைய கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"நீங்களே அரைங்க உம்மா."