கிளறன்ஸ் அத்தானின் நூற்றுக்கு நூறு

என் அக்கா டொரதியைக் கட்டிய கிளறன்ஸ் அத்தான், கண்டியில் தேயிலைப் பொதி செய்யும் கம்பனி ஒன்றில் ஊழியர் நலன் மேலாளர். ஊழியரையும் அவர் கணினித் திரையில்தான் பார்த்திருக்கிறார், நலனையும் திரையில்தான் பார்த்திருக்கிறார். பொதி மண்டபத்துக்குள் போனால் தேயிலைத் தூசு ஒத்துக்கொள்ளாதாம், தும்மல் வருமாம்.

முன்பு அங்கே எல்லோருக்கும் ஒரே மருத்துவ அட்டை. வீட்டில் யாருக்கு ஒப்பரேஷன் என்றாலும் கம்பனி கட்டும். அத்தான் இணையத்தில் ஏதோ கருத்தரங்கு பார்த்தார், பிடித்தது சனி. அட்டையை ஒழித்துவிட்டு ‘நெகிழ்வுத் திட்டம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஜிம், ஆங்கில வகுப்பு, மூக்குக்கண்ணாடி, குடும்ப மருத்துவம் என்று இணையத்தளத்தில் வரிசையாக இருக்கும். வருடத் தொடக்கத்தில் அவரவர் தமக்கு வேண்டிய ஒன்றை அமுக்கித் தெரிவுசெய்ய வேண்டும். பிறகு வருடம் முடியும்வரை அதுதான். தளம் முழுக்க ஆங்கிலம். இதற்குப் பெயர் சுதந்திரம் என்று எங்களுக்குப் பிரசங்கம் வேறு வைப்பார்.

அந்த மண்டபத்தில் றேணுகா என்றொரு பெண் வேலை செய்கிறாள். ஹந்தானைத் தோட்டத்து லய வீட்டில் குடியிருப்பு. கணவர் அன்ட்ரூ த்ரீவீல் ஓட்டியவர். கண்ணில் வெள்ளை படர்ந்து, வண்டியை நிறுத்திவிட்டு வீட்டோடு இருக்கிறார். ஒப்பரேஷன் செய்தால் பார்வை திரும்பிவிடும். அதற்குக் குடும்ப மருத்துவம் கிடைக்க வேண்டும். லயத்தில் சிக்னல் இல்லாததால், கூட வேலைசெய்யும் அன்னலட்சுமியின் போனை வாங்கி, றோட்டு வளைவில் நின்று அமுக்கிப் பார்த்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமலே திரும்பினாள்.

சேரவில்லை. மண்டபத்தில் பாதிப் பேருடையது சேரவில்லை. அத்தானோ நூற்றுக்கு நூறு பேரும் இணையத்தில் தெரிவுசெய்ததாகக் கொழும்புத் தலைமையகத்துக்குக் காட்ட வேண்டும். என்ன செய்தார் இந்தக் கெட்டிக்காரர்? மிச்சப் பேருக்கெல்லாம் தானே உட்கார்ந்து, திரையில் முதலாவதாக இருந்ததை அமுக்கிவிட்டார். ஜிம். பகல் முழுக்கத் தேயிலைப் பெட்டி தூக்கும் பெண்களுக்கு ஜிம். கொழும்பில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அக்கா அதை அலுமாரிக்குள் வைத்து நாள்தோறும் துடைக்கிறாள்.

தான் ஜிம்மை அமுக்கிய கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோழி எலும்பைக் கடித்தபடி அவரே சொன்னார்.

“அந்த றேணுகாங்கிற பொம்பள ஒப்பரேஷன் கேட்டு வந்துச்சு. ஸ்க்ரீனத் திருப்பிக் காட்டினேன், நீங்க எடுத்தது ஜிம்தானேன்னு. ‘நான்தான் தெரியாம அமுக்கிட்டேன் போல, மன்னிச்சுக்கங்க சார்’னு அழுதுச்சு. நான் ஏசவே இல்ல. அடுத்த வருஷம் கவனமா அமுக்குங்கன்னு தன்மையா சொல்லி அனுப்பினேன்.”

“அமுக்கினது நீங்கதானே அத்தான்?”

“யாராவது அமுக்கணுமே.”

“இப்பவாவது மாத்திக் கொடுங்க.”

“மாத்தினா என் ரிப்போர்ட் பொய்யாயிரும்.”

பொய்யாகிவிடுமாம். இவனெல்லாம் ஒரு மனிதனா என்று அருவருப்பாக இருந்தது. அக்கா அவருடைய தட்டில் இன்னொரு துண்டு கோழி வைத்தாள்.

மறுநாள் பின்னேரம் ஹந்தானைக்குப் போனேன். லயத்து வாசலில் த்ரீவீல் படங்குத் துணியால் மூடிக் கிடந்தது. நான் யார் என்று சொல்லி, நடந்ததை ஒன்று விடாமல் றேணுகாவிடம் சொன்னேன். கொழும்புக்கு எழுதுவோம், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

“அப்ப நான் அமுக்கலையா சார்?”

“இல்ல. அவர்தான்.”

அவள் உள்ளே பார்த்தாள். அன்ட்ரூ கதிரையில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“ஈஸ்டருக்கு ஒப்பரேஷன் இல்லன்னு தெரிஞ்ச பொறகு அவரு எங்கூடப் பேசுறதே இல்ல. என் கண்ண நீதான் கெடுத்தன்னு சொல்லிட்டாரு. கம்பனி கெடக்கட்டும் சார். உள்ள வாங்க. நான் அமுக்கலன்னு அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.”