புதிய பதிப்பு முதலாளிக்கு மட்டும்

கட்டட வரைபட ஆபீசில் டீம் லீடராக இருப்பவனுக்கு வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, 'ஃபைல் திறக்கவில்லை' என்று வந்து நிற்பவர்களைச் சமாளிக்கத் தெரிய வேண்டும். இந்த வயிற்றெரிச்சலை அனுபவித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் தொம்மலூரில் எங்கள் ஆபீஸ். படம் வரையும் மென்பொருள் ஒன்றுதான். ஆனால் எங்கள் மேஜைகளில் பழைய பதிப்பு, முதலாளியின் அறையில் மட்டும் புதியது. பழையதில் வரைந்தது புதியதில் திறக்கும். புதியதில் சேமித்தது பழையதில் திறக்காது. இவ்வளவுதான் விஷயம். இது அந்த மனிதரின் மண்டையில் ஏறவே இல்லை.

சும்மா ஒரு பார்வை

காலையில் நாங்கள் வருமுன்பே முதலாளி ஏதாவது ஒரு படத்தைத் திறப்பார். ஒரு கதவைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அப்படியே சேமிப்பார். அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவ்வளவுதான், அவர் திரும்பும்வரை அந்தப் படம் எங்களுக்கு இல்லை.

'பழைய பதிப்பில் சேமிக்கவும்' என்று எழுதி அவர் மானிட்டரிலேயே ஒட்டினேன். மறுநாள் அது குப்பைக்கூடையில் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்க் கேட்டால், காபியை ஆற்றிக்கொண்டே சொல்கிறார்: "எதுக்கு ரவி இவ்ளோ கோபம்? நான் சும்மா பார்த்தேன், அஷ்டே, அவ்வளவுதான்!"

அளவு எங்கே?

ஒருநாள் அதிசயமாகப் பழைய பதிப்பிலேயே சேமித்துக் கொடுத்தார். ஆனால் எண்களுக்கு ஏதோ புது எழுத்துருவைப் போட்டிருந்தார். எங்கள் கம்ப்யூட்டர்களில் அது கிடையாது. அறைகளின் அளவு இருக்கவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். அதைப் பார்க்காமலே பியூன் பிரிண்ட் எடுத்து, லிங்கராஜபுரத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த நாகராஜிடம் கொடுத்துவிட்டான்.

அவர் நேரே என்னிடம் வந்து அந்தப் பிரிண்டை விரித்தார். "ஏனு சார், என்ன இது? ஹால் எத்தனை அடின்னு என்னையே கேக்குதா உங்க பிளான்?"

திசை மாறிய படிக்கட்டு

அதே நாகராஜ், படிக்கட்டைக் கிழக்குப் பக்கம் மாற்றச் சொல்லியிருந்தார். முதலாளி தானே மாற்றி, வழக்கம்போலப் புதிய பதிப்பில் சேமித்து, அறையைப் பூட்டிவிட்டு மைசூருக்குப் போய்விட்டார். சைட்டில் கொத்தனார்கள் காத்திருந்தார்கள். எங்கள் டீமில் இருந்த செல்வி அவருக்குப் போன் போட்டு, ஃபைல் திறக்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டாள். "எது திறக்குதோ அதைக் கொடும்மா" என்றார். மாற்றுவதற்கு முந்தைய பிரதிதான் திறந்தது. அதைக் கொடுத்தாள். படிக்கட்டு மேற்கில் எழும்பிவிட்டது.

நாகராஜ் வந்து கத்தினார். முதலாளி, போனில் பேசியதே நினைவில்லாதவர்போல, "இந்தப் பொண்ணோட கவனக்குறைவு. இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன்" என்றார். அவள் சம்பளத்தில்தான் ஈஜிபுராவில் ஒரு குடும்பமே ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். எனக்கு இருந்த கோபத்தில் மேஜையை ஓங்கிக் குத்திவிட்டேன். "அனுப்பறதுக்கு முன்னாடி, இவ கம்ப்யூட்டர்ல உங்க படத்தை நீங்களே திறந்து காட்டுங்க சார்" என்றேன்.

நாகராஜ் முன்னால் முதலாளியால் மறுக்க முடியவில்லை. செல்வியின் நாற்காலியில் உட்கார்ந்தார். கிளிக் செய்தார். திறக்கவில்லை. மௌசைத் தட்டினார். திறக்கவில்லை. கீபோர்டைத் திட்டினார். ஆபீசே வேடிக்கை பார்த்தது.

பக்கத்தில் நின்ற செல்வி கேட்டாள்: "இப்ப யாரு சார் எழுந்து போகணும், நானா, நீங்களா?"

செல்வியின் வேலை தப்பியது, நாகராஜின் படிக்கட்டை இடித்துக் கிழக்கில் கட்டினோம், முதலாளி மட்டும் அடுத்த பதிப்பு வந்ததும் ஓடிப்போய்த் தன் அறைக்கு மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.